இறந்தவன் செருப்பு

அத்தியாயம் 5

என் அண்ணன் சுலைம் செத்து ஒரு வருஷம் ஆகிறது. அவனுடைய செருப்புத் தடம் மட்டும் முந்தாநாள் காலையில் அழும் பிளவின் ஈர மண்ணில் புத்தம் புதிதாகப் பதிந்திருந்தது.

அது அவன் செருப்புதான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன். லாரி டயரை வெட்டித் தைத்த செருப்பு. இடது குதிகாலில் மூன்று ஆணி, அதில் ஒன்று கோணல். அந்தக் கோணல் ஆணியை அடித்த மகாபுத்திசாலி நான்தான்.

தடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஐந்து செடிகளைக் காணோம். சொட்டுப்பூ என்போம். மாவு தூவினாற்போல வெளுத்த இலை, கம்பி மாதிரி தண்டு, தட்டுத் தட்டாக மஞ்சள் பூ. எங்கள் சினாய் மலையில் பாறை கசிகிற நாலைந்து இடத்தில் முளைக்கும். உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அழும் பிளவில் பதினொன்று நின்றது, இப்போது ஆறு. அதே வாரம் கீழ் ஊரில் ஒரு வெளியூர்க்காரன் அந்தச் செடியைப் பற்றி விசாரித்துக்கொண்டு திரிந்தானாம். போதாதா ஊருக்கு? செடிக் காவலாளி அவ்தாதான் பிடுங்கி விற்றுவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அவ்தாவுக்கு அறுபது வயது. "நான் எடுக்கல" என்று ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. வாய் திறக்காதவனுக்கு எங்களிடம் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, நெருப்புச் சத்தியம். இரும்பைச் சிவக்கக் காய்ச்சி மூன்று தடவை நாக்கால் தொட வேண்டும். உண்மைக்காரன் நாக்கில் ஈரம் இருக்கும், சுடாது என்பது கணக்கு. அவ்தாவுக்கோ பல வருஷமாக வாய் உலரும் வியாதி. இடுப்பில் தண்ணீர்க் குடுவை இல்லாமல் மனிதர் நாலு வார்த்தை பேச மாட்டார். இன்று பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் ஷேக்கின் கூடாரத்தில் இரும்பு காயப்போகிறது. அதற்குள் திருடன் கிடைக்காவிட்டால் அவருக்கு நாக்கு மிஞ்சாது.

அதனால்தான் விடிந்தும் விடியாததுமாக நானும் அண்ணி ஹம்தாவும் மலை ஏறிக்கொண்டிருந்தோம். ஹம்தா என் அண்ணன் பெண்டாட்டி. தடம் பார்ப்பதில் இந்த மலையில் அவளுக்கு மிஞ்சி ஆள் இல்லை. நாற்பது ஆட்டில் எந்த ஆடு நொண்டுகிறது என்று புழுதியைப் பார்த்தே சொல்வாள். எனக்கு உதவியாள் உத்தியோகம். சுமை தூக்குவது, டீ போடுவது, வாயை மூடிக்கொண்டு இருப்பது. முதல் இரண்டும் நன்றாக வரும்.

என் ஒட்டகத்தின் பெயர் அமைச்சர். கூப்பிட்டால் வராது, வந்தால் எழுந்திருக்காது. பாதி மலையிலேயே உட்கார்ந்துவிட்டது.

"அண்ணி, ஒரு சந்தேகம். பேய் செருப்பு போடுமா?"

"உனக்குப் பயமா இருந்தா அமைச்சர்கூடவே உக்காந்துக்க."

"பயம் எனக்கா? அமைச்சர் தனியா இருந்தா பயப்படுமேன்னு கேட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. ஒரு வருஷமாகச் சிரிப்பதில்லை.

அழும் பிளவு என்பது செம்பாறை இரண்டாகப் பிளந்த இடம். வெயில் உள்ளே எட்டிப் பார்க்காது. மேலிருந்து எப்போதும் சொட்டுச் சத்தம், நடுநடுவே காற்று நுழைந்தால் பொம்பளை முனகுகிற மாதிரி ஒரு குரல். போன வருஷம் இதே பூக்கும் மாதத்தில் சுலைமின் உடம்பை இதன் அடியில்தான் கண்டெடுத்தார்கள். அப்போது காவலாளி அவன். பிளவு கூப்பிட்டது, போய்விட்டான் என்று ஊர் பேசியது. அதற்குப் பிறகு நான் இந்தப் பிளவுக்கு வந்ததே இல்லை. உள்ளே காலை வைத்தேன். பொய் சொல்வானேன், எனக்கு அழுகை வந்தது.

ஹம்தா தடத்தின் முன்னால் குந்தினாள்.

"என்ன தெரியுது, சொல்லு."

"அண்ணன் செருப்பு. அவ்வளவுதான். கல்லறையில தொங்கவிட்டதை யாரோ எடுத்துப் போட்டுக்கிட்டு வந்திருக்காங்க. அது யாருன்னு நாம கேக்க முடியாது."

கேட்கவே கூடாது. செத்தவன் துணிமணியைக் கல்லறை மேல் விட்டுவிடுவோம். இல்லாதவன் எடுத்துக்கொள்வான். எடுத்தவன் யார் என்று கேட்பவன் எங்களில் மனுஷனே இல்லை. உடம்பில் கண்டால்கூடப் பார்க்காத மாதிரி தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பனிக்காலத்திலேயே ஒரு நாள் இந்தக் கோணல் ஆணித் தடத்தை மேல் பாதையில் பார்த்தேன். எந்த ஏழைக்கோ கால் சுடாமல் இருக்கிறதே என்று மனசு நிறைந்து திரும்பிவிட்டேன். முந்தாநாள் தடத்தைப் பார்த்த பெரியவர்களும் அப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"ஊரே செருப்பைப் பாத்துட்டுக் கண்ணை மூடிக்கிச்சு," என்றாள் ஹம்தா. "உள்ள இருந்த காலை ஒருத்தரும் பாக்கல. இங்க பாரு. செருப்பு முன்னால போகுது, கால் பின்னால வருது. நுனி இழுபடுது. சின்னக் கால். அவ்தாவோட கால் இந்தச் செருப்புல நுழையவே நுழையாது."

"அப்ப பொம்பளையா?"

"அவசரப்படாதே. செடி எடுத்த எடத்தைப் பாரு."

பார்த்தேன். "அஞ்சு குழி."

"குழி எங்கடா இருக்கு? மண்ணைப் போட்டுத் தட்டி மூடியிருக்கு. விக்கிறவனா இருந்தா பூ இருக்கிற பெரிய செடியாப் பாத்துப் பிடுங்குவான், மூடிட்டா போவான்? இது ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்திருக்கு. மிச்சம் இருக்கிறது பரவ எடம் விட்டிருக்கு."

"மரியாதையான திருடன்."

"செடி சாகக் கூடாதுன்னு நெனைக்கிற திருடன். டீ கிளாஸை எடு."

எனக்கு உற்சாகம் வந்தது. சுள்ளியைத் தேட ஆரம்பித்தேன். அவள் கிளாஸை வாங்கிச் சொட்டுக்கு நேராகப் பாறையில் வைத்துவிட்டாள். பைக்குள்ளிருந்து ரொட்டியும் அத்திப்பழமும் எடுத்தோம். மெதுவாகத்தான் தின்றோம். தின்று முடித்தபோது கிளாஸில் ஒரு விரற்கடைத் தண்ணீர்தான் இருந்தது.

"கல்யாணமான புதுசுல ஒரு ரொட்டி சுட்டு எடுக்கிறதுக்குள்ள கிளாஸ் ரொம்பிடும்," என்றாள். பாறையைத் தடவினாள். அங்கே கத்தி முனையால் கீறிய கோடுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக்கும் ஒன்று. முதல் கோடுகள் நீளம், போகப் போகக் குட்டை. கடைசிக் கோடு என் நகத்தளவுதான் இருந்தது. கிளாஸில் ஏறிய தண்ணீரின் அளவு. கீறியவன் யார் என்று நாங்கள் இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை.

பிளவு காய்ந்துகொண்டிருக்கிறது. செடிகளை யாரோ தண்ணீர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். எனக்கே புரிந்துவிட்டதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"எங்க கொண்டுபோறாங்க அண்ணி?"

"வேர் மண்ணு ஈரமா இருந்தா சொட்டும்."

பாறை மேல் பொட்டுப் பொட்டாகக் காய்ந்த சேறு. கீழ் ஊருக்கு இறங்கும் பாதையில் ஒரு பொட்டுகூட இல்லை. எல்லாம் மேலே போயிற்று, ஆடுகூட யோசித்து ஏறுகிற சரிவில். நாங்களும் ஏறினோம். பூக்கும் காலத்தில் அந்த மேட்டுக்கு மந்தையை ஓட்டக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு, அதனால் ஆள் நடமாட்டமே கிடையாது. மணி பதினொன்று இருக்கும். காற்று நின்றுவிட்டது. பின்னால் யாரோ வருகிற மாதிரி இருந்தது எனக்கு. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது தடவை திரும்பவில்லை.

மேட்டின் விளிம்பில் பொட்டுகள் நின்றுபோயின.

அங்கே, பாறை ஓரத்தில், ஜோடியாக, மலைச்சரிவைப் பார்த்தபடி என் அண்ணன் செருப்பு இருந்தது.

நான் உட்கார்ந்துவிட்டேன். கையில் எடுத்து அந்தக் கோணல் ஆணியைத் தடவிப் பார்த்தேன்.

"அதீக், ஒரு விஷயம் கேளு," என்றாள் ஹம்தா. குரல் மாறியிருந்தது. "கல்லறையில துணி தொங்கவிட்டது யாரு?"

"நீங்கதான். நான் அழுதுக்கிட்டு இருந்தேன், எதையும் பாக்கல."

"அங்கியைத் தொங்கவிட்டேன். தலைத்துணி, கத்தி வாரு. செருப்பை வைக்கல. எங்கிட்ட இருந்தாத்தானே வைக்க? அவரை வெறுங்காலோட கொண்டுவந்தாங்க. எங்கயோ விழுந்திருக்கும்னு நெனச்சேன். இந்தச் செருப்பு கல்லறைக்குப் போகவே இல்லடா."

ஒரு வருஷமாக அந்தச் செருப்பு எல்லோர் கண் முன்னாலும் நடந்திருக்கிறது. கல்லறையில் எடுத்தது என்று நாங்கள் மரியாதையாகத் தலையைத் திருப்பித் திருப்பி அதற்கு வழி விட்டிருக்கிறோம்.

"அப்ப இதை வச்சிருக்கிற ஆள்…"

"அவர் செத்தப்ப பக்கத்துல இருந்த ஆள். முந்தாநாள் தடத்தைப் பாத்ததுமே எனக்குத் தெரியும். வெளிய சொன்னா அவ்தாவைத் திருடன்னு சொல்றதை விட்டுட்டுக் கொலைகாரன்னு சொல்லுவாங்க. அதான் சொல்லல." அவள் செருப்பு இருந்த இடத்தைக் காட்டினாள். "இன்னொண்ணு பாரு. வழுக்குப் பாறையில எறங்கணும்னா நாம என்ன செய்வோம்?"

"செருப்பைக் கழட்டி வச்சிட்டு வெறுங்காலால எறங்குவோம்."

"தவறி விழுறவன் செருப்பைக் கழட்டிட்டா விழுவான்? அவர் கீழ இருக்கிற எதுக்காகவோ, யோசிச்சு, கழட்டி வச்சிட்டு எறங்கியிருக்கார்." வழக்கமாகத் துப்புச் சொல்லும்போது அவளுக்குக் குரல் மாறாது.

விளிம்பில் படுத்து எட்டிப் பார்த்தேன். இரண்டு ஆள் ஆழத்தில் ஒரு குறுகலான படி. பாறை அங்கே கறுப்பாக நனைந்து மினுங்கியது. அழும் பிளவைவிட நாலு பங்கு தண்ணீர். ஈரத்தில் வரிசையாக மஞ்சள் பூக்கள். ஐந்து புதுசு. அதற்குப் பின்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு, போன வருஷ விதையில் முளைத்த குட்டிகள். பூக்களுக்கு நடுவில் வெறுங்காலோடு ஒரு பெண் எங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவ்தாவின் மகள் ஜாஸியா. வயது பதினெட்டு.

"வந்துட்டீங்களா அத்தை?" என்றாள். அழுது முடித்த குரல். "ஓடணும்னு தோணல. உங்ககிட்ட அகப்படணும்னுதான் இருந்தது."

நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினோம். ஹம்தா ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்தால் எதிராளி பேசியே தீருவான், எனக்கு அனுபவம் உண்டு.

"போன வருஷம் தடைக்காலத்துலதான் ஆட்டை இங்க ஓட்டிட்டு வந்தேன்," என்றாள் ஜாஸியா. "கீழ புல்லே இல்ல அத்தை. குட்டி ஒண்ணு இந்தப் படிக்குத் தாவிடுச்சு. பின்னாலயே எறங்கிட்டேன், ஏற முடியல. கத்தினேன். சுலைம் மாமா வந்தார். செருப்பைக் கழட்டி மேல வச்சிட்டு எறங்கினார். குட்டியை மேல தூக்கிப் போட்டார். என்னைத் தோள் மேல ஏத்தி மேல தள்ளினார். நான் ஏறிட்டேன். அவர் கால் வச்சிருந்த கல்லு பேந்து, இந்தப் படிக்குக் கீழ போய் விழுந்துட்டார்."

"உடனேயா?" என்றாள் ஹம்தா.

"இல்ல. மத்தியானம் வரைக்கும் இருந்தார். அந்தப் பக்கமா சுத்திவந்து பக்கத்துல உக்காந்தேன். இடுப்புக்குக் கீழ அசைவே இல்ல. ஆனா சிரிச்சார். பாறையைத் தொட்டுப் பாத்துட்டு, 'இங்க எவ்வளவு தண்ணி பாரு, நான் ஒரு வருஷமா இதைத்தான் தேடுறேன், அங்க காயுது, அதுங்களை இங்க கொண்டுவரணும்'னார். அப்பாவைக் கூட்டிட்டு வந்தப்ப உயிர் இல்ல."

மிச்சத்தை அவள் சொல்லவே வேண்டாம், எனக்குத் தெரிந்துவிட்டது. தடைக்காலத்தில் மேய்த்த பெண். ஆளில்லாத மலையில் வேற்று ஆணோடு அரை நாள். அவளைக் காப்பாற்றப் போய் ஒருவன் சாவு. அந்த ரத்தம் அவ்தா வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். அதற்கு ஈடு கேட்க உரிமைப்பட்டவன் செத்தவனுடைய தம்பி, அதாவது நான். மகளை மறைக்க அவ்தா என் அண்ணன் உடம்பைத் தோளில் சுமந்துபோய் அழும் பிளவின் அடியில் கிடத்தியிருக்கிறார். இன்று அதே மகளை மறைக்கத்தான் நாக்கைக் கொடுக்க உட்கார்ந்திருக்கிறார்.

"செருப்பை ஏன் போட்டுக்கிட்ட?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"தூக்கிப் போட மனசு வரல மாமா. திருப்பிக் குடுக்கவும் வழி இல்ல. விதையோ செடியோ கொண்டுபோறப்ப மட்டும் போட்டுக்குவேன். அவர் போக நெனச்ச வழியில அவர் செருப்பாவது போகட்டும்னு."

ஹம்தா பாறையில் கை வைத்தாள். தண்ணீர் அவள் விரல் வழியாக இறங்கியது.

"அன்னிக்குக் காலையில நான் அவரைத் திட்டினேன்," என்றாள், யாரையும் பார்க்காமல். "வீட்டுக் கூரை ஒழுகுது, நீ பூவுக்குக் காவல் கெடக்கிறே, அந்தப் பூவோடயே போய்க் குடித்தனம் பண்ணு, இந்த வாசல் ஏறாதேன்னேன். ஒரு வருஷமா அந்த வார்த்தைதான் என் தொண்டையில நிக்குது. அந்த வார்த்தைக்காகத்தான் போய் விழுந்தாரோன்னு."

ஜாஸியா நிமிர்ந்தாள். "ஐயோ, இல்ல அத்தை. உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னார். அப்பா சத்தியம் வாங்கிட்டார், அதனால சொல்ல முடியல. 'ஹம்தா கோவமா இருப்பா. சாயந்தரம் வந்துடுவேன்னு சொல்லு. மருவு இலை போட்டு டீ வைக்கச் சொல்லு'ன்னார்."

அண்ணி அழுதாள். புருஷன் செத்த அன்றுகூட அப்படி அழுததை நான் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

வெயில் உச்சியைத் தாண்டிவிட்டது. ஹம்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ரத்தம் கேக்கிற உரிமை உன்னோடது அதீக். கேக்கணும்னா கேளு. நான் தடுக்க மாட்டேன்."

அண்ணனை நினைத்தேன். தோள் மேல் ஒரு பெண்ணை ஏற்றி, அவள் பிழைத்தாளா என்று பார்த்துவிட்டு, கூடவே தண்ணீரையும் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஆள்.

"கேட்டா என்ன தருவாங்க, நாலு ஆடா?" என்றேன். "ஒரு குட்டி பண்ணின கூத்தே போதும் அண்ணி. எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

நாங்கள் ஷேக்கின் கூடாரத்தை அடைந்தபோது அஸர் முடிந்துவிட்டது. இரும்பு கங்கில் கிடந்தது. எதிரே அவ்தா. பக்கத்தில் தண்ணீர்க் குடுவை இல்லை, சத்தியத்துக்கு முன்னால் ஒரு வாய் கொப்பளித்ததோடு எடுத்துவிட்டார்களாம். உதடு பாளமாக வெடித்திருந்தது. இரும்புக்காரர் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். நுனி அத்திப்பழச் சிவப்பு.

"நிறுத்துங்க," என்றாள் ஹம்தா.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் கூடாரத்து முன் புழுதியில் நாலடி நடந்து ஒதுங்கி நின்றாள். நாலடியிலும் டயர் தடம். இடது குதிகாலில் மூன்று ஆணி, ஒன்று கோணல்.

"பிளவுல பாத்த தடம் இதுதானான்னு பாருங்க. செடியை எடுத்தது அவ்தா இல்ல. பிளவு காயுது, என் வீட்டுக்காரர் பாறையில கணக்கு கீறி வச்சிருக்கார். மேட்டுக்கு அந்தப் பக்கம் அவர் கண்டுபிடிச்ச ஊத்து ஒண்ணு இருக்கு. செடி எல்லாம் அங்க பூத்து நிக்குது. போய்ப் பாருங்க."

ஷேக்கின் தம்பி மகன் ஒருத்தன், பட்டணத்தில் படித்தவன், வாயை விட்டான். "அது சரி, அந்தச் செருப்பு உங்களுக்கு எங்கிருந்து—"

"ஏய்," என்றார் ஷேக். கூடாரத்தில் இருந்த அத்தனை பேரும் தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள். படித்தவன் காது வரை சிவந்துபோனான். செத்தவன் செருப்பு எங்கிருந்து வந்தது என்று எங்களில் யாரும் கேட்பதில்லை.

ஹம்தா ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? நான் கவனித்தேன். அவ்தாவும் கவனித்தார்.

ஷேக் தடத்துக்கு முன்னால் குந்திப் பார்த்தார். "செடி உசிரோட இருக்குதா மகளே?"

"பெருகியிருக்கு."

இரும்பு மறுபடி கங்குக்குப் போகவில்லை. தண்ணீர்த் தொட்டியில் முக்கினார்கள், அது சீறி அடங்கியது. யாரோ அவ்தாவிடம் குடுவையை நீட்டினார்கள். அவர் வாங்கி வாயருகில் கொண்டுபோனார், குடிக்கவில்லை. அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். குடுவை சரிந்து தண்ணீரெல்லாம் மடியில் கொட்டியது.

"குடிங்க மாமா," என்றாள் ஹம்தா. "எல்லாம் கேட்டாச்சு. குடிங்க."

வீட்டுக்குத் திரும்பும்போது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அமைச்சர் தானாகவே எழுந்து வந்து வழியில் நின்றது, இந்த வருஷத்தின் இரண்டாவது அதிசயம்.

"சீக்கிரம் போய் அடுப்பைப் பத்த வைடா," என்றாள் அண்ணி திரும்பாமலே. "மருவு உலத்தி வச்சிருக்கேன், மாடத்துல இருக்கும். சாயந்தரம் ஆயிடுச்சு."

சரி என்றேன். ஆனால் அவளை முந்திக்கொண்டு போகவில்லை. எனக்கு முன்னால் மணலில் என் அண்ணன் செருப்புத் தடம் வீட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அதில் ஒன்றைக்கூட மிதிக்காமல் ஓரமாகவே நடந்தேன்.